மீசையின் கேஸ் ஷீட்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தேகாலுக்கு அந்தப் பூனையைத் துணிக்கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் படியேறி ஓடிவந்தார். பின்னாலேயே பள்ளிச் சீருடையில் ஏழு வயது மகள், ஒரு காலில் மட்டும் ஷூவோடு. பூனையின் பெயர் மீசை. சாம்பல் நிறம், நாலு கிலோ. அந்தச் சின்ன பிராணிகள் கிளினிக்கில் யாரையும் சொந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. நோயாளியின் பெயர்தான் வீட்டுக்காரர்களுக்கும். அதனால் வந்தவர் மீசையம்மா.

டாக்டர் ஒரு முயலுக்குப் பல் ராவிக்கொண்டிருந்தார். அதை அப்படியே அதன் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் கூடையைத் திறந்தார். மீசையின் முகம் வீங்கியிருந்தது. வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால், ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு சேற்று நிறத்தில் இருந்தது. இருபத்திரண்டு வருட அனுபவத்தில் அந்த நிறத்தை டாக்டர் மூன்று முறைதான் பார்த்திருந்தார். மூன்று முறையும் காரணம் ஒன்றே.

“பாப்பா வெளிய பெஞ்ச்ல உக்காரட்டும்” என்றார் டாக்டர். கதவு சாத்தியதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “வீட்ல யாராவது இதுக்கு மாத்திரை குடுத்தீங்களா? மனுஷங்க சாப்பிடற காய்ச்சல் மாத்திரை?”

மீசையம்மா கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். ஒரு குழி காலியாக இருந்தது. மகளின் பொம்மை டாக்டர் பெட்டிக்குள், பிளாஸ்டிக் ஸ்டெதஸ்கோப்புக்கு அடியில் கிடந்ததாம். “காலையில அது ரெண்டு தடவை தும்முச்சு டாக்டர். ஸ்கூலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பால்ல நசுக்கிக் குடுத்திருக்கா. அட்டை கிடைச்சப்புறம், இப்ப வர்ற வழியில ஆட்டோல கேட்டப்பதான் சொன்னா. அட்டைய மேசை மேல போட்டு வெச்சது நான்.”

“முழுசாவா?”

“முழுசா.”

நமக்குத் தலைவலியைத் தீர்க்கும் அதே மாத்திரை பூனைக்கு விஷம். ரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்க முடியாமல் போகும். முறிமருந்து உண்டு, ஆனால் சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒன்பது மணி நேரம் ஓடிப்போயிருந்தது. டாக்டர் ஆக்சிஜன் வைத்தார், மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பி முறிமருந்தை வரவழைத்து ஊசியாகப் போட்டார். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மீசை போய்விட்டது.

மீசையம்மா அழவில்லை. மேசையின் இரும்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அவகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர். கால்ல விழறேன். தான்தான் கொன்னோம்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா.”

“சொல்ல மாட்டேன்.”

“யார்கிட்டயும்.”

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அந்த நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கேஸ் ஷீட்டில் மட்டும் டாக்டர் உள்ளதை எழுதினார், அது அவர் தொழில்: ‘பாராசிட்டமால், ஒரு மாத்திரை, காலை எட்டு மணி, குழந்தை கொடுத்தது.’ எழுதி, கோப்பில் போட்டு, அலமாரியைச் சாத்தினார்.

இனி அந்தக் கிளினிக்கின் பேஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை நடத்தியவன் டாக்டரின் தம்பி. பேக்கரி, ஜிம், பல் டாக்டர் என்று பதினோரு கடைகளுக்கு வீட்டிலிருந்தே பேஜ் நடத்துவது அவன் பிழைப்பு. அக்காவுக்கு மட்டும் ஆசையாகச் செய்தான். கழுத்தில் புனல் மாட்டிய நாயைப் படமெடுத்து, “லவுட்ஸ்பீக்கர்னு சிரிக்காதீங்க, தையல் பிரிக்க இன்னும் நாலே நாள்தான்” என்று நாயே பேசுவதுபோல் எழுதுவான். ஒன்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். ‘எனக்கெதுக்குடா இந்த வேஷமெல்லாம்’ என்று முதலில் அலுத்துக்கொண்ட டாக்டருக்கும் போகப்போக அது பிடித்துவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே இன்பாக்ஸில் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவார். கிளி இறகைப் பிடுங்கிக்கொள்கிறது என்பார் ஒருவர். நாய் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை என்பார் இன்னொருவர். அதற்கும் பதில் போவது உண்டு.

மீசையப்பாவும் அதே உலகத்து ஆள்தான். வீட்டு புரோக்கர். காலி வீடுகளுக்குள் நடந்தபடி வீடியோ போடுவார். “சமையலறையைப் பாருங்க, புருஷன் பொண்டாட்டி தள்ளித் தள்ளி நின்னு சண்டை போடலாம்” என்று அவர் சொல்வதைக் கேட்கவே நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள். மீசை செத்த அன்று அவர் வெளியூரில் ஒரு புதுக் கட்டடத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை காலை வீடு திரும்பி, “என்னதான் ஆச்சு?” என்று கேட்டார். மனைவி சொன்னார்: “மூச்சு வாங்குச்சு. டாக்டர் ஊசி போட்டாங்க. அப்புறம் போயிடுச்சு.”

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

வியாழன் மத்தியானம் டாக்டர் சோற்றில் கை வைத்த நேரத்தில் தம்பி போன் செய்தான். “அக்கா, மீசைன்னு ஒரு பூனைய பார்த்தியா?”

“ஏன்?”

“பேஜைத் திற.”

மீசையப்பா போட்டிருந்தார்: கறுப்பு வெள்ளையாக்கிய மீசையின் படம். கீழே நீண்ட பதிவு. தும்மலோடு போன பூனை, பிணமாகத் திரும்பியது. என்ன ஊசி என்று யாரும் சொல்லவில்லை. என் மகள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. கடைசியில் கிளினிக்கின் பேஜ் இணைக்கப்பட்டிருந்தது. நாலு மணிக்குள் இருநூறு பேர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டார்கள். அதில் பாதிப் பேர் கிளினிக் இருக்கும் தெருவைக் கனவில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். புனல் மாட்டிய நாயின் படத்துக்குக் கீழே ஒருவர், “இதையும் மேல அனுப்பியாச்சா?” என்று கேட்டிருந்தார். முன்னூறு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள்.

தம்பி கிளினிக்குக்கே வந்துவிட்டான். “கேஸ் ஷீட்டைக் குடு. போட்டோ எடுத்துப் போடறேன். அஞ்சு நிமிஷத்துல வாயடைச்சுப் போயிடுவாங்க.”

“முடியாது.”

“ஏன் முடியாது? நீ தப்புப் பண்ணியா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? வாயில கொழுக்கட்டையா?”

“ஒரு வார்த்தை குடுத்திருக்கேன்டா. அதுக்கு மேல கேக்காத.”

இரண்டு பேரும் உட்கார்ந்து பதில் எழுதினார்கள். எழுதி எழுதி அழித்தார்கள். ‘எங்களால் இயன்றதைச் செய்தோம்’ என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் இருந்தது. ‘கொண்டுவரத் தாமதமாகிவிட்டது’ என்றால் வீட்டுக்காரர்மேல் பழி. ‘பூனை உட்கொண்ட ஒரு பொருள்’ என்று தம்பி எழுதியபோது டாக்டர் அவன் கையையே பிடித்துவிட்டார். என்ன பொருள், யார் கொடுத்தது என்று அடுத்த நிமிஷம் கேட்பார்கள். மிஞ்சியது இரண்டு வரி. ‘மீசையின் பிரிவுக்கு வருந்துகிறோம். சிகிச்சை விவரங்களைப் பொதுவெளியில் பேச எங்களுக்கு அனுமதியில்லை.’

முதல் பதில் அரை நிமிஷத்தில் வந்தது. “மடியில் கனமா டாக்டரம்மா?”

டாக்டர் மீசையம்மாவுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு செய்தி வந்தது. “மன்னிச்சிடுங்க டாக்டர். இன்னிக்கு அவர்கிட்ட சொல்லிடறேன்.” வெள்ளிக்கிழமை இன்னொன்று. “இன்னிக்கு முடியல.” அன்று கிளினிக்குக்கு வரவேண்டிய ஒன்பது பேரில் இரண்டு பேர்தான் வந்தார்கள். ஒருவர் கிழட்டு ஆமையோடு வந்தவர். அவரிடம் போனே கிடையாது.

சனிக்கிழமை காலை, கதவைத் திறப்பதற்கு முன்பே மீசையம்மா பின்பக்கப் படியில் நின்றிருந்தார். நாலு நாளில் ஆளே பாதியாகிவிட்டிருந்தார். உள்ளே வந்து, பெஞ்சில் உட்காராமல், நின்றபடியே சொன்னார்.

“முதல் ராத்திரி அவ தூங்கவே இல்ல டாக்டர். ‘நான் குடுத்த மாத்திரைதானாம்மா?’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. இல்லடி இல்லடின்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். நம்பல. அப்புறம் அவர் வந்து அந்த ஊசியாலதான்னு சொன்னார். அவளைப் பக்கத்துல உக்கார வெச்சுதான் டைப் பண்ணினார். அன்னிக்குதான் சாப்பிட்டா. அன்னிக்குதான் தூங்கினா.”

டாக்டர் பின்கதவைச் சாத்தினார்.

“நேத்து லைவ் போட்டார். அவளை மடியில வெச்சுக்கிட்டு. ‘டாக்டர் ஆன்ட்டி ஊசி போட்டாங்க’ன்னு அவளே சொல்றா. சொல்லும்போது என்னைப் பாக்கறா. நான் தலையாட்டினேன்.” மீசையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “இப்ப நான் எப்படி மாத்திச் சொல்லுவேன்? உங்க பேரு கெடுதுன்னு தெரியுது. கண்ணுக்கு முன்னாலயே தெரியுது. ஆனா அவ தூங்கறா டாக்டர்.”

“அவர்கிட்ட மட்டும் தனியா சொல்ல முடியாதா? அந்தப் பதிவை மட்டுமாவது எடுக்கச் சொல்லி?”

“ஏன்னு கேப்பார். சொன்னா, மனசுல வெச்சுக்கத் தெரியாது அவருக்கு. நல்ல மனுஷன்தான். ஆனா மனசுல இருக்கறது அடுத்த நிமிஷம் போன்ல இருக்கும்.”

டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். மீசையம்மா அதை வாங்கினார். பிறகு குடிக்காமலே மேசைமேல் வைத்துவிட்டு, “இன்னும் ரெண்டு நாள் குடுங்க” என்று வந்த வழியே இறங்கிப் போனார். கோபப்பட வேண்டும் என்றுதான் டாக்டர் நினைத்தார். யார்மேல் படுவது என்று பார்த்தால் ஒருவரும் அகப்படவில்லை.

அந்த இரண்டு நாள் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரோ கிளினிக்கின் பெயர்ப்பலகையில் கறுப்பு பெயின்டால் ‘கொலை’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். தம்பிதான் அதை முதலில் பார்த்தான். மண்ணெண்ணெயும் துணியும் வாங்கி வந்து, ஏணி போட்டு, அக்கா வருவதற்குள் துடைத்துவிடப் பார்த்தான். முழுதாகப் போகவில்லை. ‘லை’ மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏணியிலிருந்து இறங்கியவன் நேரே உள்ளே போனான். சாவி அவனிடம் ஒன்று இருந்தது. அலமாரி எதுவென்று தெரியும். பேஜின் பாஸ்வேர்ட் அவனுடையது.

டாக்டர் வந்து சேர்ந்தபோது, போட்டு இருபது நிமிஷம் ஆகியிருந்தது. கேஸ் ஷீட்டின் படம், அவருடைய சொந்தக் கையெழுத்தில். ‘குழந்தை கொடுத்தது’ என்ற வரியின் கீழே தம்பி சிவப்புக் கோடு போட்டிருந்தான்.

“எடுடா! எடு அதை!”

“அக்கா, நீயே படிச்சுப் பாரு. எல்லாரும் மன்னிப்புக் கேக்கறாங்க.”

“எடுன்னு சொல்றேன்ல!”

அவர் சத்தம் போட்டு அவன் கேட்டதில்லை. எடுத்துவிட்டான். ஆனால் அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டிருந்தது. ஒருவர் படத்தைச் சேமித்து வைத்துப் போட்டார், அதை இன்னொருவர் எடுத்துப் போட்டார். டாக்டர் ஒவ்வொருவருக்காக எழுதினார். ‘தயவுசெய்து இதை நீக்குங்கள், ஒரு குழந்தை சம்பந்தப்பட்டது.’ சிலர் நீக்கினார்கள். சிலர் அவருடைய வேண்டுகோளையும் சேர்த்துப் படமெடுத்து, ‘பாருங்கள், எப்பேர்ப்பட்ட மனசு’ என்று போட்டார்கள். ‘இந்தப் பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை’ என்று ஆப் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. பதினேழு முறை புகார் கொடுத்தார். பதினேழு முறையும் அதே வரி.

காலையில் கொலைகாரியாக இருந்தவர் சாயங்காலத்துக்குள் தெய்வமாகிவிட்டார். ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் திரும்பி வந்து ஐந்தாக மாற்றினார்கள். இதயம், கைகூப்பு, பூங்கொத்து. அதே விரல்களால் மீசையப்பாவின் பக்கத்துக்குப் போய் மீசையம்மாவைப் பிய்த்தார்கள். என்ன வளர்ப்பு இது. மாத்திரையைக் கண்ட இடத்தில் போடுகிறவளுக்குப் பூனை எதற்கு, பிள்ளை எதற்கு. பூனை செத்தது போதாதென்று பழியையும் டாக்டர் தலையில் கட்டிய குடும்பம். லைவ் வீடியோவில் மகள் பேசும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்து யாரோ சுற்றில் விட்டிருந்தார்கள். மேலே ஒரு தலைப்பு: ‘இந்த வயசிலேயே எப்படிப் பொய்!’

தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். “எனக்கு உன் பேருதான் தெரிஞ்சுது அக்கா. பலகையில அப்படி எழுதியிருந்ததைப் பார்த்ததும் கண்ணு மண்ணு தெரியல.”

டாக்டர் அவனைத் திட்டவில்லை. திட்டினால் ஏதாவது குறையும் என்றால் திட்டியிருப்பார்.

திங்கட்கிழமை மத்தியானம் மீசையப்பாவிடமிருந்து போன் வந்தது. வீடியோவில் கேட்ட கணீர்க் குரல் இல்லை. “ஸ்கூல்ல பசங்க சொல்லிட்டாங்க டாக்டர். ரெண்டாவது பீரியட்லயே கூப்பிட்டு அனுப்பிட்டாங்க. வந்ததுலேர்ந்து பேசல. இப்பதான் வாயைத் திறந்தா. நீங்க வந்து சொன்னாத்தான் நம்புவேங்கறா.”

“நான் என்ன சொல்லணும்?”

“அதுதான் எனக்கும் தெரியல.”

மூன்றாம் மாடி, லிஃப்டுக்கு எதிர்வீடு. மீசையப்பா கதவைத் திறந்தார், கண்ணைப் பார்க்கவில்லை. வரவேற்பறையில் மீசையின் சாப்பாட்டுத் தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மீசையம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தார். டாக்டரைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு விட்டுவிட்டார். டாக்டருக்கும் அப்படித்தான். ‘நான் போடவில்லை, தம்பி போட்டான்’ என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். அங்கே நின்றபோது அதற்கு ஒரு மதிப்பும் இருப்பதாகத் தெரியவில்லை.

மகள் உள்ளறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் தரையில் உட்கார்ந்தார்.

“நான்தானா ஆன்ட்டி?”

இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் நாளைக்கும் அந்தப் பசங்கள் இருப்பார்கள். “அந்த மாத்திரை பூனைக்கு ஆகாது. உனக்கு அது தெரியாது. பெரியவங்க நிறைய பேருக்கே தெரியாது. நீ அதுக்கு உடம்பு சரியாகணும்னுதான் குடுத்த.”

“அப்ப நான்தான்.”

“மாத்திரைதான்மா.”

“மாத்திரை தானா போகாதுல்ல.”

டாக்டர் அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். சற்று நேரம் ஏதோ கணக்குப் போடுவதுபோல் தரையைப் பார்த்தாள்.

“ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடியே அம்மாகிட்ட சொல்லியிருந்தா?”

டாக்டருக்குப் பதில் தெரியும். காலை எட்டு மணிக்குக் கொடுத்தது, எட்டரைக்குக் கொண்டுவந்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். மருந்துக்கடை நாலு கட்டடம் தள்ளித்தான் இருக்கிறது.

“அது சொல்ல முடியாதும்மா” என்றார்.

“உங்களுக்குத் தெரியும். நீங்க டாக்டர்.”

“தெரியல.”

அவள் நம்பவில்லை. முகத்திலேயே தெரிந்தது. இந்த ஆறு நாளில் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து அவளிடம் ஒவ்வொன்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், இவரும் அந்த வரிசையில் ஒருவர். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகுதான் அழ ஆரம்பித்தாள். மீசையம்மா உள்ளே வந்து சந்துக்குள் கையை நீட்டினார். கை எட்டவில்லை. கட்டிலை இழுத்துப் பார்த்தார். அது தலைமாட்டுச் சுவரோடு சேர்த்து அடித்த கட்டில்.

டாக்டர் எழுந்து வெளியே வந்தார். மீசையப்பா ஹாலில் போனோடு நின்றிருந்தார்.

“ஒரு நிமிஷம் டாக்டர். மன்னிப்பு வீடியோ ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். நீங்க பார்த்து ஓக்கே சொன்னா இப்பவே போட்டுடறேன். உங்க பேருல ஒரு மாசும் இருக்கக் கூடாது.”

“வேண்டாம். எதுவும் போடாதீங்க. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க.”

“போடாம இருந்தா இன்னும் கிழிப்பாங்க. நேத்துலேர்ந்து மூணு பில்டர்ஸ் என்னை விட்டுப் போயிட்டாங்க. அது போகட்டும். இவளைத் திட்டறாங்களே, இவங்க அம்மாவைத் திட்டறாங்களே, நான் எதாவது செய்ய வேண்டாமா? எனக்கு வேற என்ன டாக்டர் தெரியும்?”

அவர் போனை நீட்டினார். டாக்டர் பார்த்தார். தாடி மழிக்காத முகம், நெஞ்சில் கைவைத்து நல்லபடியாகத்தான் பேசியிருந்தார். டாக்டர்மேல் ஒரு தவறும் இல்லை, தவறெல்லாம் என்னுடையது, என் மனைவியையும் மகளையும் விட்டுவிடுங்கள். ஆனால் வீடியோவில் அவர் பேசி முடிக்கும் வரை பின்னால், சுவருக்கு அப்பாலிருந்து, ஒரு குழந்தை அழும் சத்தம் மெல்லக் கேட்டுக்கொண்டே இருந்தது.

“இதுல பாப்பா அழறது கேக்குது” என்றார் டாக்டர்.

மீசையப்பா போனைக் காதில் வைத்துக் கேட்டார். “ஆமா. எடுக்கும்போது எனக்குக் கேக்கவே இல்லையே.” அந்த வீடியோவை உடனே அழித்தார். “வேற எடுத்துடறேன். பால்கனிக் கதவைச் சாத்திக்கிட்டு எடுத்தா கேக்காது.”

“நான் சொல்றதைக் கேளுங்க. உள்ள போய் அவகூட உக்காருங்க.”

“உக்காந்து?”

டாக்டரும் இப்போதுதான் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார்.

மீசையப்பா தலையை ஆட்டினார், வாசல்வரை வந்து வழியனுப்பினார். லிஃப்ட் கீழ்த்தளத்தில் நின்றிருந்தது. டாக்டர் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். சாத்திய கதவுக்குப் பின்னால் பால்கனிக் கதவு உருண்டு மூடும் ஓசை கேட்டது. தொண்டையைச் செருமிக்கொள்ளும் ஓசை. பிறகு அவர் குரல், “எல்லாருக்கும் வணக்கம்” என்று ஆரம்பித்து, நின்று, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.